நெஞ்சுவலி வந்தால் 108-ஆ, சொந்தக் காரா?

கேள்வி: நாங்கள் அந்தியூர்ப் பக்கம் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே மண்தடம். மாமனாருக்கு 67 வயது, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. ராத்திரியில் நெஞ்சுவலி வந்தால் 108-ஐக் கூப்பிட்டுக் காத்திருப்பதா, காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவதா? "வண்டி வர்றதுக்குள்ள நாமே போயிரலாம்" என்கிறார் என் கணவர். எனக்குப் பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: முதலில் 108-க்குப் போன் போடுங்கள் அம்மா, காரா ஆம்புலன்ஸா என்பதை அப்புறம் முடிவு செய்யலாம். வண்டிக்குக் கட்டணம் கிடையாது. அது எங்கிருந்து கிளம்புகிறது, வர எவ்வளவு நேரமாகும், எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள் என்று கேட்டுவிட்டால் பதற்றத்தில் குத்துமதிப்பாக முடிவெடுக்க வேண்டியதில்லை.

உங்கள் கணவர் சொல்வதுபோல கார் முன்னால் போய்ச் சேரலாம்தான். ஆனால் மாரடைப்பில் பலர் இறப்பது முதல் ஒரு மணி நேரத்துக்குள், துடிப்பு தாறுமாறாகி இதயம் நின்றுபோவதால். அது ஓடுகிற காரில் நடந்தால், ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் மகன் அப்பாவைத் திரும்பிப் பார்ப்பாரா, ரோட்டைப் பார்ப்பாரா? 108 வண்டியில் ஆக்சிஜன் இருக்கும், பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் கூடவே இருப்பார். ஷாக் கொடுக்கும் கருவி எல்லா வண்டியிலும் இருக்காது. இருந்தாலும் நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பதே பெரிய விஷயம்.

வண்டி வர ரொம்ப நேரமாகும், ஆஸ்பத்திரியோ பக்கத்தில்தான், அவரும் நினைவோடு பேசுகிறார் என்றால் காரிலேயே கிளம்புங்கள், தவறில்லை. ஓட்டுபவர் ஒருவர், பின்னால் அவரைச் சாய்த்து உட்காரவைத்துப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும். காரை வாசல்வரை கொண்டுவாருங்கள், அவரை நடக்கவிடாதீர்கள். "எனக்கு ஒண்ணுமில்ல, நானே பைக்கில போறேன்" என்று கிளம்புபவர்கள் நிறையப் பேர், தயவுசெய்து சாவியை வாங்கி வைத்துவிடுங்கள். நினைவு தப்பி மூச்சும் இல்லையென்றால் காருக்குத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது. கட்டாந்தரையில் படுக்கவைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டு, நடு நெஞ்சில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமல்கூட வரும். திடீர் வியர்வை, மூச்சு வாங்குவது, வாந்தி, காரணமில்லாத அசதி, அவ்வளவுதான் தெரியும். வாய்வு என்று சோடா குடித்து, ஓமம் மென்று, விடியட்டும் என்று படுத்துவிடுகிறார்கள். அதில் போகிற நேரத்துக்கு முன்னால் காருக்கும் ஆம்புலன்ஸுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றுமேயில்லை. ஆஸ்பிரின் அவருக்கு ஒத்துக்கொள்ளுமா என்று அவருடைய டாக்டரிடம் இப்போதே கேட்டுவையுங்கள். சரி என்று அவர் சொன்னால், மாரடைப்பு என்று சந்தேகம் வந்ததும் 300 மி.கி. மாத்திரையை மென்று விழுங்கச் சொல்லலாம்.

ஆனால் வாய் கோணி, ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டால் அது பக்கவாதம். அதற்கு ஆஸ்பிரினும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். மூளை ரத்தக் குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட நாலரை மணி நேரம்தான் அவகாசம், அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். அதனால் ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துவையுங்கள்.

உங்கள் மண்தடம் இருட்டில் வெளியாளுக்குப் புரியாது. போனில் கோயில், பள்ளிக்கூடம் என்று ஏதாவது அடையாளம் சொல்லிவிட்டு, ஒருவர் டார்ச்சோடு மெயின் ரோட்டில் போய் நிற்கட்டும். பழைய ஈ.சி.ஜி., சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். ராத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்து உடனே சிகிச்சை தொடங்கும் ஆஸ்பத்திரி உங்கள் பக்கம் எது என்று உங்கள் கணவரை இந்த வாரமே விசாரித்துவைக்கச் சொல்லுங்கள்.