எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது – ஒரு கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எனக்கு. வயது 31. பி.காம். முடித்துவிட்டு ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். மகனுக்கு ஆறு வயது. சிறுவயதிலிருந்தே வக்கீல் ஆக வேண்டும் என்று ஆசை. இந்த வருடம் மூன்றாண்டு சட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்க நினைக்கிறேன். திருச்சி சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்தால் போக வேண்டும். தங்க இடம், மகனைப் பார்த்துக்கொள்ள ஆள், பணம், ஆங்கிலம் என்று எல்லாமே தடையாக நிற்கிறது. கணவர் தடுக்கவில்லை, ஆனால் ஒன்றும் சொல்வதும் இல்லை.

மே மாதம் எங்கள் பள்ளித் தோழர்கள் சந்திப்பு நடந்தது. என்னிடம் மைக்கைக் கொடுத்தார்கள். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு என் கனவைச் சொன்னேன். "நீங்கள் எல்லோரும் எனக்கு ஆதரவாக இருக்க வேண்டும்" என்று கேட்டுக்கொண்டேன். நாற்பது பேரும் கைதட்டினார்கள். சில தோழிகள் அழுதுவிட்டார்கள். இரண்டு மாதம் ஆகிறது. ஒருவர்கூடக் கூப்பிட்டு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. நம் ஆட்களுக்கு ஒருத்தர் மேலே வருவது பிடிக்காதா? இந்த மனத்தடையை எப்படித் தாண்டுவது? வெளியில் சொன்னதால்தான் கண் பட்டுவிட்டது என்கிறார் மாமியார்.

ம.

அன்புள்ள ம.,

கண் படுவதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, அதை விட்டுவிடுவோம். ஆங்கிலத்தையும் விட்டுவிடுவோம். தினம் நாலு பக்கம் சத்தம் போட்டு வாசித்தால் ஒரு வருடத்தில் வந்துவிடும், வராமல் போனவர்களை நான் பார்த்ததில்லை. கணவர் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அவரிடம் என்ன கேட்டீர்கள் என்று எழுதவில்லை. அதுதான் என் கண்ணில் பட்டது.

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன், அதனால்தான் உடனே எழுதுகிறேன். போன மாதம் ஊரில் பழைய வீட்டைப் பிரித்தோம். பரணில் அம்மாவின் மொய் நோட்டு கிடைத்தது. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் உங்களைக் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாற்பது பேர் முன்னால் மைக்கைப் பிடித்து "ஆதரவாக இருங்கள்" என்றீர்கள். அந்த நாற்பது பேரும் அதற்கு என்ன செய்ய வேண்டும்? மறுநாள் காலையில் எழுந்து எந்தக் கதவைத் திறக்க வேண்டும், எந்தப் பையில் கையை விட வேண்டும்? அவர்களுக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரிந்த ஒரே வேலையைச் செய்தார்கள், கைதட்டினார்கள். அங்கேயே நீங்கள் கேட்டதைக் கொடுத்து முடித்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவர்கள் மேல் கோபப்பட உங்களுக்கு உரிமை இல்லை. ஒருவரிடமும் ஒன்றையும் கேட்காமல், யாரும் கொடுக்கவில்லை என்று ஊரையே குற்றம் சொல்கிறீர்கள். "நம் ஆட்கள்" என்று ஆரம்பிக்கும் அந்த வரியை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. அந்த நாற்பது பேரில் பாதிப் பேர் நாளைக்கே உங்களுக்கு ஏதாவது செய்யக்கூடியவர்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது, அது எனக்குப் புரிகிறது. அ, ஆ எழுதிப் பழகும் வயதிலேயே 'ஏற்பது இகழ்ச்சி' என்று நம் நாக்கில் எழுதிவிடுகிறார்கள். ஆனால் அதே பள்ளிக்கூடத்தில் குறளும் படித்தோமே. 'இரவு' என்று அதில் ஓர் அதிகாரமே உண்டு, அது இரப்பதைப் பற்றியது. அதன் முதல் குறள், கேட்கத் தகுந்தவரைக் கண்டால் கேள் என்கிறது. அவர் வைத்துக்கொண்டே இல்லை என்றால் பழி அவருக்கு, உனக்கு இல்லை என்கிறது. அடுத்த அதிகாரமே இரவச்சம், இரப்பதற்கு அஞ்சச் சொல்வது. பக்கத்துப் பக்கத்திலேயே இரண்டையும் வைத்திருக்கிறார். நாம் அந்த அச்சத்தை மட்டும் பிடித்துக்கொண்டோம். அந்த முதல் குறளில் எனக்கு முக்கியமான சொல் 'இரத்தக்கார்'. கேட்கத் தகுந்தவர். அப்படி ஒருவரைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை கேட்பவருடையது. அந்த வேலையை நீங்கள் செய்யவில்லை.

நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அதை எப்படிச் செய்தார் என்று பாருங்கள். கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த ராமானுஜன். கணக்கைத் தவிர வேறு பாடத்தில் தேற முடியாமல் உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னையிலும், பட்டப் படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. பட்டம் இல்லை, வேலை இல்லை, கல்யாணம் மட்டும் ஆகியிருந்தது. 1910-ல் அவர் திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். அவரிடம் நோட்டைக் காட்டி ராமானுஜன் கேட்டது வருவாய்த் துறையில் ஒரு குமாஸ்தா வேலை. டெபுடி கலெக்டர் கையில் இருந்தது அதுதான், அதைக் கேட்டார். இப்படிப்பட்ட ஆளைத் தாலுகா ஆபீஸில் அடைக்க மனமில்லாமல் அவர் சென்னைக்குக் கடிதங்கள் கொடுத்து அனுப்பினார்.

அடுத்து நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ். உனக்கு என்ன வேண்டும் என்று அவரே கேட்டிருக்கிறார். ஆராய்ச்சியைத் தொடர்ந்து செய்ய, வயிற்றுப்பாட்டுக்குக் கொஞ்சம் பணம் போதும் என்றாராம் ராமானுஜன். மாதம் 25 ரூபாய் வந்தது. அதையே வாங்கிக்கொண்டிருக்க மனம் ஒப்பாமல், 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார்.

1913 ஜனவரியில் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதினார். அதற்கு முன்னால் கேம்பிரிட்ஜில் வேறு இரண்டு பேருக்கு எழுதியும் பயன் இல்லை. அவர் அதற்காக இங்கிலீஷ்காரர்களுக்கு நம்மைப் பிடிக்காது என்று உட்கார்ந்துவிடவில்லை, மூன்றாவது ஆளுக்கு எழுதினார். ஹார்டி பதில் போட்டதும் பிப்ரவரி கடைசியில் இரண்டாவது கடிதம். அதில் பாதிப் பட்டினியில் கிடக்கிறேன், மூளையைக் காப்பாற்ற முதலில் சோறு வேண்டும் என்று கூசாமல் எழுதியிருக்கிறார். அதோடு நிறுத்தியிருந்தால் அது புலம்பல். அடுத்த வரியைப் பாருங்கள். நீங்கள் பரிவோடு ஒரு கடிதம் எழுதினால், அதை வைத்து இங்கே பல்கலைக்கழகத்திலோ அரசாங்கத்திலோ உதவித்தொகை வாங்க முடியும் என்கிறார். கடல் தாண்டி இருக்கும் மனிதரிடம் அவர் பணம் கேட்கவில்லை. ஹார்டியின் கையில் இருந்தது அவருடைய பெயரும் பேனாவும். அதைத்தான் கேட்டார். அந்த மே மாதமே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தது.

டெபுடி கலெக்டரிடம் வேலை, கலெக்டரிடம் சோற்றுக்குப் பணம், ஹார்டியிடம் ஒரு கடிதம். இவர்களில் ஒருவரிடமாவது "நான் பெரிய கணித மேதையாக ஆதரவு தாருங்கள்" என்று கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நோட்டைப் புரட்டிவிட்டு முதுகில் தட்டி அனுப்பியிருப்பார்கள். இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் என் ஆத்திரம் தீராது. எனக்கு வாரம் இரண்டு கடிதமாவது வருகிறது, "என் கனவுக்குத் துணை நில்லுங்கள்" என்று. படித்துவிட்டு என் கையில் இருப்பதில் எது இவருக்கு வேண்டும் என்று தேடுகிறேன். கிடைப்பதே இல்லை. ஒரு கதையைத் திருத்தித் தாருங்கள் என்று கேட்டால் உட்கார்ந்து திருத்தித் தருவேன். இன்னார் முகவரி வேண்டும் என்றால் தேடித் தருவேன். கனவை என்ன செய்வது?

சரி, மொய் நோட்டுக்கு வருகிறேன். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, நீங்கள் பட்டுக்கோட்டை. மற்றவர்களுக்காக இரண்டு வரி. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும். கிடாக்கறி போட்டு ஊரைக் கூப்பிடுவார்கள். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுவார்கள். முன்பு தங்கள் வீட்டு விருந்தில் வாங்கியதைக் கழித்து, மேலே கொஞ்சம் புதிதாகவும் வைப்பார்கள். வட்டி இல்லை, பத்திரம் இல்லை, நோட்டு மட்டும்தான். அந்தப் பணத்தில் கிணறு வெட்டியிருக்கிறார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையை எல்லாம் சாய்த்த பிறகு திருப்பி வைக்க முடியாமல் நொந்துபோன குடும்பங்களையும் எனக்குத் தெரியும். குறையே இல்லாத ஏற்பாடு என்று சொல்ல வரவில்லை.

என் அப்பா ஊர் முழுக்க மொய் எழுதியவர், விருந்து மட்டும் வைக்க மாட்டார். கூப்பிட்டுக் கேட்பது போல ஆகிவிடும் என்பார். 1989-ல் எனக்குச் சென்னையில் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஒரு வாரத்துக்குள் பணம் கட்ட வேண்டும், தங்க இடம் வேண்டும். அப்பா திண்ணையில் உட்கார்ந்து சுண்ணாம்பு தடவிக்கொண்டே இருந்தார், ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் அம்மா நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "எழுதி வெச்சதைக் கேக்கிறதுல என்ன வெக்கம்?" என்று சொல்லிவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

முதலில் பெரிய அத்தை வீடு. அத்தையிடம் காசு இருக்காது, நெல் இருக்கும். "மூணு மாசத்துக்கு வீட்டுக்கு நெல்லு குடுங்க அண்ணி, தேங்கா வித்த காசை இவனுக்கு அனுப்பிக்கிறேன்" என்றார். அடுத்தது தேங்காய் வியாபாரி வீடு. "அடுத்த ரெண்டு வெட்டுக்கு முன்பணமா எண்ணூறு ரூவா குடுங்க" என்றார். எண்ணூறு என்றால் எண்ணூறுதான். வியாபாரி ஆயிரமாகவே வாங்கிக்கொள்ளச் சொன்னார், அம்மா வேண்டாம் என்றுவிட்டார். அது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை, வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தேன்.

கடைசியாக ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர். அவர் நிலைமை எங்களைவிட மோசம். அவரிடம் எதற்குப் போகிறோம் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மா வாசலில் நின்றபடியே, "உங்ககிட்டப் படிச்ச பையன் திருவல்லிக்கேணியில இருக்காராமே, ஒரு மாசம் இவனை வெச்சுக்கச் சொல்லி ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க ஐயா" என்றார். வாத்தியார் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, எங்களைத் திண்ணையில் உட்காரச் சொல்லிவிட்டு அரை மணி நேரம் எழுதினார். ஒரு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடியும் எழுதினார். கொடுக்கும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ரொம்ப நாளாக அவரிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. திருவல்லிக்கேணியில் ஒரு மாதம் என்று போனவன் ஏழு மாதம் இருந்தேன்.

நீங்கள் 'தங்க இடம்' என்று இரண்டே சொல்லில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். திருச்சியில் குடியிருக்கும் தோழி அந்த நாற்பது பேரில் இல்லையா? இருந்தால் அவளிடம், இன்ன தேதியிலிருந்து இத்தனை மாதம் உன் வீட்டில் தங்கிக்கொள்ளட்டுமா, சாப்பாட்டுக்கு இவ்வளவு தந்துவிடுகிறேன் என்று கேளுங்கள். முடியாது என்பாள், முடியும் என்பாள், இல்லை பக்கத்துத் தெருவில் ஓர் அறை இருக்கிறது என்பாள். ஆலை முதலாளியிடம் வார விடுமுறையில் வந்து கணக்கை முடித்துக் கொடுக்கிறேன், பாதிச் சம்பளம் கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். மாமியாரிடம் "என் கனவு" என்று பேசாதீர்கள், திங்கள் முதல் வெள்ளி வரை பையனைப் பள்ளிக்கு அனுப்ப முடியுமா என்று மட்டும் கேளுங்கள். கண் படும் என்று அவர் சொல்வது பயத்தில்தான். பிள்ளையைத் தனியாக எப்படிச் சமாளிப்பது என்ற பயமாகக்கூட இருக்கலாம், நீங்கள் கேட்டால்தானே வெளியே வரும். கணவரிடமும் அப்படியே. அவர் வாய் திறக்காததற்கு நீங்கள் ஒரு கேள்வியும் வைக்காதது காரணமாக இருக்கலாம்.

மனத்தடை பற்றிக் கேட்டிருந்தீர்கள். அம்மாவுக்கு அன்றைக்கு அது இல்லாமலா இருந்தது? வாத்தியார் வீட்டு வாசலில் அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன். நடுங்கிக்கொண்டேதான் கேட்டார்.

அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் அம்மாவின் கையெழுத்தில் மூன்று வரிகள் இருக்கின்றன. அத்தை, நெல். அதன் மேல் சிவப்பு மையில் கோடு. வியாபாரி, 800. அதன் மேலும் கோடு. மூன்றாவது வரி, "வாத்தியார், கடுதாசி 1". ரூபாய் எழுதும் இடத்தில் ஒன்றும் இல்லை. அந்த வரி அடிக்கப்படாமல் இருக்கிறது. நான் படிப்பு முடிப்பதற்குள்ளேயே வாத்தியார் இறந்துவிட்டார். அம்மா அதை என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை.

திருச்சியில் இருபது வருடமாக வழக்காடும் நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார். வேறு சிலரும் உண்டு. கல்லூரியில் இடம் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள். யாரைப் பார்க்க வேண்டும், அவரிடம் என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று மூன்றும் இருக்கட்டும். கடிதம் எழுதித் தருகிறேன். அந்த வரியை அடிக்க வேண்டும்.