மடக்கு கயாக் பல ஆண்டுகள் உழைப்பது எப்படி?

மடக்கு கயாக் என்பது எலும்புக்கூடும் தோலும் தனித்தனியாகக் கழன்று பைக்குள் அடங்கும் துடுப்புப் படகு. மரச்சட்டமோ அலுமினியக் குழாயோ எலும்புக்கூடு. ரப்பர் பூசிய துணி தோல். 1907 முதல் ஜெர்மனியின் ரோசன்ஹைமில் கிளெப்பர் நிறுவனம் தயாரித்த படகுகளின் அடிப்படை அமைப்பும் இதுதான்.

எதையும் நிரந்தரமாக ஒட்டிவிடாததே இதன் பலம். விலா, அதாவது குறுக்குச் சட்டம், உடைந்தால் அந்த விலாவை மட்டும் மாற்றலாம். நீளச் சட்டத்துக்கு ஆஷ் மரம் நல்லது. வளையும், சட்டென ஒடியாது. ஓரங்களில் உள்ள காற்றுக்குழாய்களை ஊதியதும் தோல் விறைத்துவிடும். குடையில் கம்பி துணியை இழுத்துப் பிடிப்பது போலத்தான்.

அடித்தோல் கிழிந்தால் சுற்றிலும் உப்புத்தாளால் தேய்த்து, தூசி போகத் துடையுங்கள். ஒட்டுத்துண்டு கிழிசலைவிட எல்லாப் பக்கமும் 5 செ.மீ. பெரிதாக இருக்கட்டும். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். கூர்மூலைதான் முதலில் உரியும். அந்தத் துணிக்குரிய பசையை இரு பரப்பிலும் தடவி, விரலில் ஒட்டாத அளவு காய்ந்தபிறகே அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் ஒட்டு நிற்காது.

பாறையைவிடப் பெரிய எதிரி உள்ளே தங்கும் மணல். சட்டத்துக்கும் தோலுக்கும் நடுவே சிக்கி உள்ளிருந்தே அரிக்கும். கடலில் ஓட்டினால் உப்பு அலுமினிய இணைப்புகளை இறுக்கிவிடும். நல்ல நீரில் அலசி, முழுக்க உலர்த்தியே மடியுங்கள்.

காற்றுக்குழாய் இருப்பதால் இதைக் காற்றடைத்த படகு என்று பலர் நினைக்கிறார்கள். வடிவத்தைத் தாங்குவது சட்டம்தான், குழாய் ஓட்டையானாலும் படகு சுருங்கிவிடாது.