சமரசப் பேச்சு நடக்கும்போது கூட்டாக நோய் விடுப்பு: ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்திடலாமா?

கேள்வி: ஒரு தனியார் விமான நிறுவனத்தின் கேபின் குழுவில் ஆறு ஆண்டுகளாகச் சென்னையிலிருந்து பணியாற்றுகிறேன், கடந்த ஓராண்டாகக் கேபின் லீட் (விமானத்தில் கேபின் குழுவுக்குத் தலைமை தாங்குபவர்). வெளியூரில் தங்கும் இரவுகளுக்கான படியைக் குறைத்து, இருவருக்கு ஓர் அறை என்ற விதியையும் கொண்டுவந்தார்கள். சங்கம் வேலைநிறுத்த அறிவிப்புக் கொடுத்தது. மண்டலத் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தில் முதல் சமரசக் கூட்டமும் நடந்தது. அடுத்த வாரம், காலை விமானங்களுக்கு முன்பு எல்லோரும் உடல்நலமில்லை என்று சொல்லிவிட வேண்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. எனக்கு முந்தைய நாளிலிருந்தே தொண்டை வலி. மருந்துக் கடைச் செயலியில் மாத்திரை வாங்கியிருந்தேன். குழுவினரின் பணியைக் கவனிக்கும் க்ரூ கன்ட்ரோல் பிரிவுக்குத் தகவல் சொன்னேன். குழுவில் "நானும் சொல்லிவிட்டேன்" என்று பதிவும் போட்டேன். இப்போது குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்திருக்கிறது. ராஜினாமா செய்தால் பயிற்சி பாண்டுத் தொகையை (குறித்த காலத்துக்கு முன் விலகினால் கட்ட வேண்டியது) கேட்க மாட்டோம், மறுத்தால் பணிநீக்கம் என்று மனிதவளப் பிரிவில் வாய்மொழியாகச் சொல்கிறார்கள். குடும்ப மருத்துவர் அன்றைய தேதியிட்டுச் சான்றிதழ் தருவதாகச் சொல்கிறார். 2024-இல் இன்னொரு நிறுவனத்தில் இதே காரணத்துக்காக நீக்கப்பட்டவர்கள் திரும்ப எடுக்கப்பட்டார்களே? என் விளக்கக் கடிதத்தின் வரைவை இணைத்துள்ளேன்.

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தையும் நான்கு பக்க வரைவையும் முழுமையாகப் படித்தேன். மேலாளரின் பேச்சு, எடைச் சோதனையில் நடந்த அவமரியாதை, தீபாவளியன்று கடைசி நேரத்தில் மாற்றப்பட்ட ரோஸ்டர் ஆகியவை உங்களை எவ்வளவு வருத்தியிருக்கின்றன என்பது தெரிகிறது. அவற்றில் எதுவும் இந்தக் குறிப்பாணையின் முடிவை மாற்றாது. படி குறைக்கப்பட்டது நியாயமா என்ற கேள்வியைச் சங்கம் எழுப்பிய தாவா, அதாவது தொழில் தகராறு, பார்த்துக்கொள்ளும். உங்களுக்கு முக்கியமானது ஒன்றுதான்: நீங்கள் பணிக்கு வராத அந்த நாளில், தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தில் இரு தரப்பையும் பேசவைக்கும் சமரச அலுவலர் முன்பு நடவடிக்கை நிலுவையில் இருந்தது.

அந்த ஒரே உண்மை உங்களுக்கு எதிராகவும் வேலை செய்கிறது, உங்களுக்காகவும் வேலை செய்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் தொழில் உறவுச் சட்டத்தொகுப்பின்படி, வேலைநிறுத்த அறிவிப்புக் கிடைத்தபின் சமரச அலுவலர் நடத்தும் முதல் கூட்டத்தோடு சமரச நடவடிக்கை தொடங்கிவிடுகிறது. அது நிலுவையில் இருக்கும் காலத்திலும், முடிந்த பிறகு ஏழு நாள்களுக்கும் வேலைநிறுத்தம் சட்டவிரோதம். பதினான்கு நாள் முன்னறிவிப்பை முறையாகக் கொடுத்திருந்தாலும் அது காப்பாற்றாது. அதே சமயம், தாவாவோடு தொடர்புடைய நடத்தைக்காக ஒரு தொழிலாளரைப் பணிநீக்கம் செய்ய வேண்டுமானால், நடவடிக்கை நிலுவையில் இருக்கும்வரை சமரச அலுவலரின் எழுத்துபூர்வமான முன் அனுமதியை நிர்வாகம் பெற்றாக வேண்டும். தாவாவோடு தொடர்பில்லாத நடத்தை என்று அவர்கள் வாதிட்டாலும், ஒரு மாத ஊதியம் கொடுத்து ஒப்புதல் கோரும் மனுவைத் தாக்கல் செய்தே தீர வேண்டும். பழைய தொழில் தகராறுகள் சட்டத்தில் இருந்த இதே ஏற்பாட்டைப் பற்றி, ஒப்புதல் கோராமல் செய்த பணிநீக்கம் செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2002-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

மனிதவளப் பிரிவு ஏன் உங்களிடம் ராஜினாமாவைக் கேட்கிறது என்பது இப்போது விளங்கியிருக்கும். உங்களை நீக்குவதற்கு அனுமதி வேண்டும். நீங்களாகவே போவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். அந்தக் கடிதத்தில் கையெழுத்திட்ட நிமிடமே, சட்டம் உங்களுக்குக் கொடுத்திருக்கும் ஒரே கவசத்தை நீங்களே கழற்றிக் கொடுத்துவிடுகிறீர்கள். ராஜினாமாவை ஏற்பதற்கு முன்பு திரும்பப் பெறலாம் என்பது சரியான சட்டம்தான். ஆனால் இத்தகைய கடிதங்களில் 'உடனடியாக விடுவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்' என்ற வரி இருக்கும், ஏற்புக் கடிதம் அன்று மாலையே மின்னஞ்சலில் வந்துவிடும். கட்டாயப்படுத்தி எழுத வாங்கினார்கள் என்பதை மெய்ப்பிக்கும் சுமை பிறகு உங்கள் தலையில் விழும். படித்த, ஆறு ஆண்டு அனுபவமுள்ள ஒருவர் கதவு திறந்திருந்த அறையில் உட்கார்ந்து கைப்பட எழுதிய கடிதத்தைக் கட்டாயத்தின் விளைவு என்று நிரூபிப்பது மிகக் கடினம். பாண்டை விட்டுவிடுகிறோம் என்ற வாய்மொழி வாக்குறுதியை நம்பிப் போனவர்களுக்கு, மூன்று மாதம் கழித்து வழக்கறிஞர் நோட்டீஸ் வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இதைவிடப் பெரிய ஆபத்து அந்த மருத்துவச் சான்றிதழ். என்னிடம் வழக்கோடு வந்தவர்கள் பலர் வேலையை இழந்தது பணிக்கு வராததற்காக அல்ல, வராததை மறைக்கக் கொண்டுவந்த தாளுக்காகத்தான். மருத்துவர் உங்களை அன்று பார்க்கவில்லை. அவருடைய புறநோயாளர் பதிவேட்டில் அன்று உங்கள் பெயர் இல்லை. ஒரே நாளில் பலர் உடல்நலமில்லை என்று சொன்ன வழக்கில், நிர்வாகம் ஒவ்வொரு சான்றிதழையும் எடுத்துக்கொண்டு அந்தந்த மருத்துவமனைக்கு ஆள் அனுப்பிச் சரிபார்க்கும் என்பதைச் சந்தேகமின்றி எடுத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் பின்தேதியிட்டது என்று தெரிந்தால், ஒருநாள் வராமை என்ற சிறிய குற்றச்சாட்டு பொய் ஆவணம் தாக்கல் செய்தல் என்ற பெரிய குற்றச்சாட்டாக மாறும். அதற்கும் தாவாவுக்கும் தொடர்பில்லை என்று நிர்வாகம் எளிதாக வாதிடும். முன் அனுமதி என்ற பாதுகாப்பும் வலுவிழக்கும். மருத்துவரின் பதிவும் ஆபத்துக்குள்ளாகும்.

பணிக்கொடைக்கும் இது உலை வைக்கும். ஐந்து ஆண்டுகளைக் கடந்துவிட்டதால் உங்களுக்குப் பணிக்கொடை உரிமை வந்துவிட்டது. வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டதற்காக மட்டும் அதை முழுவதுமாகப் பறிக்க முடியாது. ஆனால் ஒழுக்கக்கேடான குற்றமாகும் செயலுக்காகப் பணிநீக்கம் செய்யப்பட்டவருக்குப் பணிக்கொடையை மறுக்க முதலாளிக்கு அதிகாரம் உண்டு. அதற்குக் குற்றவியல் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றிருக்க வேண்டிய அவசியமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பில் இருந்தவர்களில் ஒருவர், பிறந்த தேதிக்குப் பொய்ச் சான்று கொடுத்து வேலையில் சேர்ந்தவர். உங்கள் மருத்துவருக்கு நன்றி சொல்லி, அந்தச் சான்றிதழை வாங்காமல் விட்டுவிடுங்கள்.

உங்களிடம் அதைவிட நல்ல சான்று இருக்கிறது. நீங்களோ அதை ஒரே வரியில் கடந்து போயிருக்கிறீர்கள். மருந்துக் கடைச் செயலியில் முந்தைய நாள் வாங்கிய மாத்திரைக்கான ரசீதில் தேதியும் நேரமும் இருக்கும், பணம் செலுத்திய பதிவு வங்கியில் இருக்கும். சங்கத்தின் செய்தி வருவதற்கு முன்பே நீங்கள் மருந்து வாங்கியிருந்தால், உடல்நலமின்மை கதையாகச் சேர்க்கப்பட்டது அல்ல என்பதற்கு அது நேரடிச் சாட்சி. தொண்டையும் காதும் அடைத்த நிலையில் பறப்பது, கேபின் அழுத்தம் மாறும்போது செவிப்பறைக்கு ஆபத்து என்பது உங்கள் நிறுவனத்துக்கும் தெரியும். ரசீதை இன்றே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் பதிவை மறுக்க வேண்டாம். குழுவில் இருந்த யாரோ ஒருவர் அதன் படத்தை ஏற்கெனவே நிர்வாகத்திடம் கொடுத்திருப்பார்; குறிப்பாணையின் மூன்றாவது பத்தியில் நேரம் குறிப்பிடப்பட்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு அதில் ஐயமில்லை. மின்னணுப் பதிவுக்கு முறையான சான்று இணைக்கப்படவில்லை, ஆகவே செல்லாது என்று உங்கள் நண்பர் சொல்வது நீதிமன்ற விசாரணைக்குப் பொருந்தும் வாதம். உள்விசாரணை சாட்சியச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதே அங்கு அளவுகோல்.

ஐம்பது சதவீதத்துக்கும் குறைவானவர்களே அன்று வரவில்லை, எனவே இது வேலைநிறுத்தமே அல்ல என்று சங்க நிர்வாகி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பலரும் இந்த இடத்தில்தான் தவறி விழுகிறார்கள். புதிய சட்டத்தொகுப்பு, ஒரே நாளில் ஐம்பது சதவீதம் அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் கூட்டாகத் தற்செயல் விடுப்பு எடுப்பதையும் வேலைநிறுத்தத்துக்குள் சேர்த்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் அது விரிவாக்கப்பட்ட பகுதி மட்டுமே. பொதுவான புரிதலின் பேரில் பலர் சேர்ந்து வேலை செய்ய மறுப்பது வேலைநிறுத்தம் என்ற பழைய வரையறை அப்படியே நீடிக்கிறது; அதற்குச் சதவீதக் கணக்கு எதுவும் கிடையாது. உங்களுடைய "நானும் சொல்லிவிட்டேன்" என்ற இரண்டு சொற்கள் அந்தப் பொதுவான புரிதலுக்குப் போதுமான சான்றாகிவிடும். சட்டவிரோத வேலைநிறுத்தத்தில் கலந்துகொள்ளும் தொழிலாளருக்கு ஆயிரம் முதல் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ கூடிப் பேசி, முன்னறிவிப்பின்றி, நியாயமான காரணமின்றி வராமல் இருந்தால், பணி ஒப்பந்தத்தில் அதற்கு இடமிருக்கும் பட்சத்தில் எட்டு நாள் ஊதியம் வரை பிடிக்க ஊதியச் சட்டத்தொகுப்பும் அனுமதிக்கிறது.

2024 மே மாதத்தில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் நிறுவனம் நீக்கிய 25 பேர் திரும்ப எடுக்கப்பட்டது உண்மைதான். அதை உங்களுக்குச் சாதகமான தீர்ப்பாக நினைக்காதீர்கள். அங்கே தீர்ப்பே இல்லை. டெல்லியில் மத்திய தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன்பு சங்கமும் நிர்வாகமும் செய்துகொண்ட உடன்பாட்டில் நிர்வாகம் நீக்கத்தைத் திரும்பப் பெற்றது, ஊழியர்கள் உடனே பணிக்குத் திரும்ப ஒப்புக்கொண்டார்கள். விமானங்கள் நாடெங்கும் ரத்தாகிக்கொண்டிருந்த நாள்கள் அவை; அந்த அழுத்தம் உங்கள் நிறுவனத்தின் மீது இன்று இல்லை. கூட்டாக நோய் விடுப்பு எடுப்பது சரி என்று அந்த உடன்பாட்டால் ஆகிவிடவில்லை.

இனி உங்கள் வரைவு. அதை அனுப்பாதீர்கள். இரண்டாம் பக்கத்தில் உடல்நலமில்லை என்கிறீர்கள். மூன்றாம் பக்கத்தில், இந்த அநீதியை எதிர்க்க எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை என்கிறீர்கள். இரண்டாவது வாக்கியம் முதலாவதைக் கொன்றுவிடுகிறது, குற்றச்சாட்டையும் நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடுகிறது. முதல் கர்ப்பத்திலேயே பணியிலிருந்து அனுப்பும் விதியை 1981-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த நர்கேஷ் மிர்சா வழக்கை மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள். உங்கள் துறைப் பெண்களுக்குக் கிடைத்த பெரிய நீதி அது, ஆனால் இந்த விளக்கத்தில் அதற்கு வேலையில்லை. எல்லாவற்றையும்விட ஆபத்தான வரி முதல் பக்கத்தில் இருக்கிறது: "எனக்குக் கீழ் நால்வரை நிர்வகிக்கும் பொறுப்பில் இருக்கிறேன்." மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெற்று மேற்பார்வைப் பணி செய்பவர் தொழிலாளர் என்ற வரையறைக்குள் வர மாட்டார். அப்படி முடிவானால் சமரச அலுவலர், முன் அனுமதி, தீர்ப்பாயம் எல்லாமே உங்களுக்கு இல்லாமல் போகும். உரிமையியல் நீதிமன்றத்தில் நஷ்டஈடு கேட்பது மட்டுமே மிஞ்சும். பதவியின் பெயர் முக்கியமல்ல, பெரும்பகுதி நேரம் செய்யும் வேலைதான் முக்கியம் என்பது நெடுங்கால நிலைப்பாடு. நீங்கள் பெரும்பகுதி நேரமும் பயணிகளின் பாதுகாப்பையும் சேவையையும் நேரடியாகக் கவனிப்பவர். யாருக்கும் விடுப்பு அனுமதிப்பதில்லை, யாரையும் தண்டிப்பதில்லை. உண்மை அதுவானால் அதை மட்டும் எழுதுங்கள்.

விளக்கம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. எப்போதிலிருந்து உடல்நலமில்லை, எந்த நேரத்தில் மருந்து வாங்கினீர்கள், எந்த நேரத்தில் க்ரூ கன்ட்ரோலுக்குச் சொன்னீர்கள், எப்போது பணிக்குத் திரும்பினீர்கள் என்பவற்றை எழுதி, எந்தச் செயலையும் நீங்கள் திட்டமிடவோ மற்றவர்களைத் தூண்டவோ இல்லை என்றும் குறிப்பிடுங்கள். சமரச நடவடிக்கை நிலுவையில் இருப்பதைக் கடைசி வரியில் பதிவு செய்யுங்கள். குழுவில் போட்ட பதிவைப் பற்றி விசாரணையில் கேட்டால், போட்டது உண்மை என்று சொல்லுங்கள். தொண்டை வலியும் உண்மை, பதிவும் உண்மை. இரண்டையும் ஒப்புக்கொள்பவரின் பேச்சுக்கு விசாரணை அலுவலர் காது கொடுப்பார்.

இவ்வளவையும் சொன்ன பிறகு என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன்: சமாதானமாகப் போங்கள். நீங்கள் நிச்சயமாக வெல்லக்கூடிய வழக்கு இது அல்ல. முன் அனுமதிச் சிக்கல் இருப்பதால் நிர்வாகத்துக்கும் இது நிம்மதியான வழக்கு அல்ல. அதனால்தான் பேரத்துக்கு இடமிருக்கிறது. பணிநீக்கமாகித் தீர்ப்பாயம் சென்றால் ஆண்டுகள் ஓடும். அதுவரை பறக்காததால் பயிற்சித் தகுதிகள் காலாவதியாகும், வெற்றி பெற்றாலும் பணிக்குப் பதிலாக ஒரு தொகையை மட்டும் கொடுத்து முடிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. எழுத்துபூர்வமான எச்சரிக்கை, அன்றைய ஊதியப் பிடித்தம், தேவையானால் ஓர் ஊதிய உயர்வு ஒத்திவைப்பு என்ற அளவில் முடியுமானால் ஒப்புக்கொள்ளுங்கள். சங்கத்தோடு சேர்ந்தே பேசுங்கள். உங்களைத் தனியாக அழைத்துப் பேசினால் பதில் சொல்ல அவகாசம் கேட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

உடன்பாடு சமரச அலுவலர் முன்பு எழுதிக் கையெழுத்தாக வேண்டும். விமானப் போக்குவரத்து மத்திய அரசின் அதிகார வரம்புக்குள் வருவதால், மாநிலத் தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து நாள்களை வீணாக்காதீர்கள். ஏற்கெனவே கூட்டம் நடந்த மத்திய அலுவலகத்திலேயே முடியுங்கள். பணித்தொடர்ச்சி முறியாது, பயிற்சி பாண்டு கோரப்படாது, இதே சம்பவத்துக்காகக் குற்றவியல் புகார் தரப்படாது என்ற மூன்றும் அதில் தனித்தனி வரிகளாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். விளக்கம் கொடுக்க உங்களுக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. கூடுதல் அவகாசம் கேட்கும் மின்னஞ்சலை இன்றே அனுப்பிவிடுங்கள்.