ஆராய்ச்சி விமான டைகாஸ்ட் (அச்சில் வார்த்த உலோக) மாடல்கள்: கேள்வி பதில்

கே: முதல் மாடலாக எதை வாங்கலாம்?

ப: பெல் எக்ஸ்-1. 1947 அக்டோபர் 14 அன்று சக் யேகர் ஒலியின் வேகத்தைத் தாண்டிய ஆரஞ்சு விமானம். 1:72 அளவில் (அசலில் 72-இல் ஒரு பங்கு) நீளம் சுமார் 13 செ.மீ., எந்த அலமாரியிலும் அடங்கும். மூக்கில் அவர் மனைவியின் பெயர் இருக்கும். அந்த எழுத்து மங்கலாக இருந்தால் வாங்காதீர்கள்.

கே: பழைய மாடலின் இறக்கை உப்பி வெடிக்கிறது. பசை போடலாமா?

ப: பயனில்லை. இது ஜிங்க் பெஸ்ட். துத்தநாகக் கலவையில் ஈயம் கொஞ்சம் கலந்திருந்தாலே, ஈரக்காற்றில் உலோகம் உள்ளுக்குள் அரிக்கும். மருந்து கிடையாது. பழைய மாடல் வாங்குமுன் இறக்கையின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை விரிசல் தெரிந்தாலும் விட்டுவிடுங்கள்.

கே: எக்ஸ்-15 என்ற ராக்கெட் விமானம் கருப்பு. வெள்ளையில் விற்கிறார்களே, போலியா?

ப: இல்லை. மூன்று எக்ஸ்-15களில் இரண்டாவது விமானம், ஒரு விபத்துக்குப் பிறகு நீட்டிக் கட்டப்பட்டு எக்ஸ்-15ஏ-2 ஆனது. வெப்பம் தாங்க அதன்மேல் இளஞ்சிவப்புப் பூச்சு அடித்தார்கள். அந்தப் பூச்சு திரவ ஆக்சிஜனோடு சேர்ந்தால் ஆபத்து என்பதால், மேலே வெள்ளைப் பூச்சு. 1967 அக்டோபர் 3 அன்று விமானி பீட் நைட் மாக் 6.7 (ஒலியைப்போல் 6.7 மடங்கு வேகம்) தொட்டது அந்த வெள்ளை உடம்போடுதான்.

கே (இன்னொருவர்): அதே விமானம் அமெரிக்காவின் டேட்டன் நகர விமானப்படை அருங்காட்சியகத்தில் கருப்பாக நிற்கிறதே. அருங்காட்சியகம் தப்பா?

ப: தப்பில்லை. அன்றைய பறப்பில் பூச்சு கருகிப்போனது, அடித்துடுப்பில் (வாலுக்கடியில் நீட்டிக்கொண்டிருக்கும் துடுப்பு) ஓட்டை விழுந்தது, அதில் மாட்டியிருந்த போலி ரேம்ஜெட் (ஒருவகை ஜெட் இன்ஜின்) கழன்று விழுந்தது. பழுது பார்த்தார்கள், ஆனால் அது மறுபடி பறக்கவேயில்லை. நீங்கள் பார்ப்பது அந்த வெப்பப் பூச்சு இல்லாத கருப்பு உடம்பு. அதனால் நிறத்தைக் கேட்காதீர்கள், தேதியைக் கேளுங்கள். தேதி சொல்லாத பெட்டியை நான் நம்புவதில்லை.

கே (மூன்றாமவர்): அப்படியானால் கருப்பு மாடல்கள் எல்லாம் சரியா?

ப: நிறம் சரி. விமானத்தின் கால்களைப் பாருங்கள். தரையிறங்கும்போது பின்னால் இரண்டு சறுக்குகள் விரியும். அடித்துடுப்பின் கீழ்ப்பாதி தரையில் இடிக்கும் என்பதால் இறங்குமுன் வானிலேயே அதைக் கழற்றிவிடுவார்கள். சறுக்கு விரிந்தும் துடுப்பு முழுதாகவும் இருக்கிற மாடல் பொய் சொல்கிறது. அதைச் சுமந்து மேலே கொண்டுபோகும் பி-52 விமானத்தின் இறக்கைக்கடியில் தொங்கும்போது துடுப்பு முழுதாக இருக்கலாம், சறுக்கு மடங்கியிருக்கும். விலையைவிட எனக்கு இதுதான் முக்கியம்.

கே: விரிசலுக்கு எண்ணெய் தடவலாமா?

ப: மேலே சொல்லிவிட்டேன். எண்ணெயும் வேண்டாம், பசையும் வேண்டாம்.

கே: பத்து வருடத்தில் விலை ஏறுமா?

ப: முதலீட்டுக் கேள்விகளுக்கு நான் ஆளில்லை.

கே: பிளாஸ்டிக் கிட்?

ப: கிட் கட்டுபவர்களிடம் கேளுங்கள், அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கே: எப்படிப் பாதுகாப்பது?

ப: வெயில் படக்கூடாது, ஈரம் கூடாது. பெட்டிக்குள் இருக்கும் பழைய ஃபோம் உதிர்ந்து பெயிண்டில் ஒட்டும், எடுத்துவிடுங்கள். அப்புறம், மழைக்காலம் முடிந்ததும் விரிசலைத் தேடுங்கள்.