சுட்டதும் துளைகள் இடிவது ஏன்?

கேள்வி: கேனமைட் என்ற அடுக்கு சிலிகேட்டிலிருந்து, நுண்துளைகள் வரிசையாக அமைந்த சிலிகாவான எஃப்எஸ்எம்-16 செய்தேன். துளைக்கு அச்சாகும் சர்ஃபாக்டன்ட் ஏறியதும், துளை ஒழுங்கைக் காட்டும் எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு) வரைபடத்தில் சிகரம் நன்றாக இருந்தது. 550 டிகிரியில் சுட்டதும் காணோம். பி.எச்-ஐ 8.5க்குக் கொண்டுவந்துதான் சுட்டேன். எங்கே தவறு?

பதில்: கொண்டுவந்தீர்கள், சரி. அங்கேயே பிடித்து வைத்திருந்தீர்களா?

5 கிராம் டெல்டா சோடியம் டைசிலிகேட்டை 50 மி.லி. நீரில் 3 மணி நேரம் கலக்கி வடித்தால் கேனமைட். அதை 100 மி.லி., 0.1 மோலார் ஹெக்சாடெசில்ட்ரைமெதில்அம்மோனியம் குளோரைடில் (இதுதான் சர்ஃபாக்டன்ட்) போட்டு 70 டிகிரியில் 3 மணி நேரம். அப்போது பி.எச். 11.5க்கு மேல் நிற்கும். அந்தக் காரத்தில் துளைகளின் சிலிகா சுவர்கள் சரியாகப் பிணையாது. 1993-இல் இனகாகி குழு வெளியிட்ட முறையில் 8.5 வருவது இதற்காகத்தான். 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மடமடவென்று ஊற்றினால் கரைந்திருக்கும் சிலிகா உருவமற்ற வண்டலாக விழும். 8.5 தொட்டதும் கையை எடுத்துவிடாதீர்கள். அடுக்கிலிருந்து காரம் கசியக் கசிய மீட்டர் மறுபடி ஏறும். 70 டிகிரியிலேயே 3 மணி நேரம் பக்கத்தில் நின்று இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கட்டுரைகளில் இதெல்லாம் 'பி.எச். சரிசெய்யப்பட்டது' என்ற இரண்டே சொல். எழுதியவர்களும் சரிபார்த்தவர்களும் அதோடு திருப்தி!

பிறகு வெந்நீரில் நாலைந்து முறை கழுவுங்கள். சோடியம் தங்கினால் சூட்டில் சுவர் இளகிவிடும். சுடும்போது நிமிடத்துக்கு 1 டிகிரி, மெல்லிய படலமாக, காற்றோட்டத்தில். குவித்து வைத்தால் அடியில் கரி.

அடுத்த சந்தேகம் மூலப்பொருள் மேல். 'அடுக்கு சிலிகேட்' என்று ஒட்டி வாட்டர்கிளாஸ் (நீரில் கரையும் சோடியம் சிலிகேட்) பொடியை விற்கும் இடைத்தரகர்கள் நிறைய. நீரில் கலக்கியதும் பெரும்பகுதி கரைந்து போனால் ஏமாந்துவிட்டீர்கள். டைசிலிகேட்டின் ஆல்ஃபா வடிவம் கரையாது, ஆனால் சுலபத்தில் கேனமைட்டும் ஆகாது. கண்ணுக்கு ஆல்ஃபாவும் டெல்டாவும் ஒன்றே. அந்த லாட்டுக்கே எடுத்த எக்ஸ்ஆர்டி வரைபடத்தைக் கேளுங்கள். மழுப்பினால் வாங்காதீர்கள்.

8.5க்கு ஒரு விலக்கு உண்டு, இதைக் குழப்பாதவர் குறைவு. கேனமைட்டிலிருந்தே வரும் சதுரத் துளைச் சிலிகாவான கேஎஸ்டபிள்யூ-2 வேண்டுமென்றால் பி.எச். 4 முதல் 6 வரை, நீர்த்த அசெட்டிக் அமிலத்தில். அங்கே சூடாக்கி அடுக்கைக் கலைக்கக் கூடாது. சிலிகேட் தாள் முழுசாக இருந்து மடிந்தால்தான் சதுரத் துளை வரும். அந்த அமிலப் படியை உங்கள் எஃப்எஸ்எம்-16க்கு இரவல் வாங்காதீர்கள்.

கடைசியாக, எக்ஸ்ஆர்டியை 2 தீட்டா (கதிர் விலகும் கோணம்) 1 டிகிரியிலிருந்து ஓட்டச் சொன்னீர்களா? முதல் சிகரம் ஏறத்தாழ 2.3 டிகிரியில், சுட்டபின் சற்று வலப்பக்கம் நகர்ந்து இருக்கும். பொது ஆய்வகங்கள் வழக்கப்படி 5-இல் தொடங்கிவிட்டு 'சிகரம் இல்லை' என்று தாளை நீட்டும்.