அலுவலகத்தில் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் இழுக்கும் கரண்ட்டையும் காகிதச் செலவையும் எப்படிக் குறைக்கலாம்?

ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பதினோரு வருடமாக இருக்கிறேன். கணக்குப் பார்ப்பதுதான் வேலை என்றாலும், எந்த மெஷின் மக்கர் பண்ணினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு, “இதை என்னன்னு பாருப்பா” என்று சார் என்னிடம் தள்ளிவிட்டார். எட்டு டெஸ்க்டாப், ஜெராக்ஸும் ஸ்கேனும் சேர்ந்த ஒரு பெரிய லேசர் பிரிண்டர், இரண்டு ஏசி. இவ்வளவுதான் எங்கள் அலுவலகம். பெரிய ஐடி கம்பெனிக்கு இது பொருந்துமா என்று கேட்காதீர்கள்.

முதலில் நான் செய்தது சுத்த அபத்தம். ‘மின்சாரத்தைச் சேமிப்போம், காகிதத்தைச் சேமிப்போம்’ என்று கலரில் பதினைந்து தாள் அச்சிட்டு, லேமினேட் செய்து, சுவரெங்கும் ஒட்டினேன். அடுத்த பில்லில் ஒரு மாற்றமும் இல்லை.

அப்புறம்தான் பிளக்கில் சொருகிப் பார்க்கும் வாட் மீட்டர் ஒன்று வாங்கினேன். சும்மா ஓடிக்கொண்டிருந்த டெஸ்க்டாப், திரை அணைந்த நிலையிலும் 50 வாட் காட்டியது. சாயங்காலம் ஏழு மணிக்குக் கிளம்பினால் மறுநாள் ஒன்பதரைக்குத்தான் திரும்பி வருவோம். எட்டு மெஷின், பதினாலரை மணி நேரம்: ஒரு ராத்திரிக்கு ஏறக்குறைய 6 யூனிட். எங்களுக்கு வணிகக் கட்டணம், அப்போது யூனிட் சுமார் பத்து ரூபாய். ஞாயிற்றுக்கிழமைப் பகலைச் சேர்க்காமலே, ஆளில்லாத அலுவலகத்துக்கு மாதம் 1,500 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தோம்.

ஏன் யாரும் அணைப்பதில்லை என்று கேட்டேன். சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்திருந்தேன். பக்கத்து சீட் அக்கா சொன்னது வேறு: “காலையில ஆன் பண்ணினா டாலி திறக்க ஆறு நிமிஷம் ஆகுது தம்பி. அதுக்குள்ள சார் ரெண்டு தடவை லெட்ஜர் கேட்டுடறாரு.” டாலி என்பது நாங்கள் கணக்கு எழுதும் சாஃப்ட்வேர். அக்கா சொன்னது நியாயம்தானே? எல்லாம் பழைய ஹார்ட் டிஸ்க். அதற்குப் பதிலாக, ஒவ்வொன்றுக்கும் சுமார் இரண்டாயிரம் ரூபாயில் எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் போட்டோம். அரை நிமிடத்தில் மெஷின் தயார். அதன்பிறகு நான் யாரிடமும் ‘அணைத்துவிட்டுப் போங்கள்’ என்று சொல்லவே தேவைப்படவில்லை. உங்கள் அலுவலகத்திலும் யாராவது கரண்ட்டை வீணாக்கினால், திட்டுவதற்கு முன்னால் காரணத்தைக் கேளுங்கள். முக்கால்வாசி நேரம் கோளாறு மெஷினில்தான் இருக்கும்.

டாலி டேட்டா இருக்கும் மெஷினை மட்டும் அணைக்க முடியாது, ஏனென்றால் சார் ராத்திரியில் வீட்டிலிருந்தே நெட் வழியாக அதைத் திறந்து பார்ப்பார். அந்த டேட்டாவை ஒரு பழைய லேப்டாப்புக்கு மாற்றினோம். வேலை இல்லாதபோது அது 12 வாட்டைத் தாண்டுவதில்லை.

ஸ்கிரீன் சேவர் பற்றி ஒரு வார்த்தை. அது கரண்ட்டைச் சேமிப்பதில்லை. பழைய டப்பா மானிட்டரில் ஒரே படம் நின்று திரையில் தழும்பு விழாமல் இருக்க வந்த ஏற்பாடு அது. எங்கள் சீனியர் ஒருவர் மெஷினில் முருகன் வேலோடு மூலைக்கு மூலை மிதந்துகொண்டிருப்பார். அதை எடுக்கச் சொன்னால் வருத்தப்படுவார் என்று, முருகனை வால்பேப்பராக வைத்துவிட்டு, ஐந்து நிமிடத்தில் திரை அணையும்படி செட்டிங்கை மாற்றினேன். மவுஸை அசைத்தால் தரிசனம்.

லேசர் பிரிண்டர் கதை வேறு. அதற்குள் ஃபியூசர் என்று ஓர் உருளை இருக்கிறது. டோனர் என்பது பொடி. அந்தப் பொடியை உருக்கித் தாளில் ஒட்ட வைக்க அந்த உருளை கிட்டத்தட்ட 200 டிகிரி வரை சூடாக வேண்டும். கரண்ட்டை இழுப்பது பெரும்பாலும் அதுதான். தூங்கிக்கொண்டிருந்த பிரிண்டரை ஒரே ஒரு தாளுக்காக எழுப்பினால், மீட்டர் சட்டென்று ஆயிரம் வாட் பக்கம் எகிறும். எங்கள் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் சொருகியிருந்தார்கள். ஒவ்வொரு பிரிண்ட்டுக்கும் யுபிஎஸ் ஏன் கத்துகிறது என்று அன்றுதான் புரிந்தது. லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் போடவே கூடாது. நேரடி லைனுக்கு மாற்றினோம். நான்கு மணி நேரம் கழித்துத் தூங்கு என்று வைத்திருந்ததைப் பத்து நிமிடமாக்கினோம். அவசரமில்லாதவற்றைச் சேர்த்து வைத்து மதியமும் சாயங்காலமும் எடுக்கப் பழகினோம்.

உங்களிடம் இங்க் டேங்க் பிரிண்டர் இருந்தால் இந்தத் தலைவலி இல்லை; சூடாக்கும் வேலையே கிடையாது, கரண்ட் மிகக் குறைவு. ஆனால் சுவர் சுவிட்சில் அணைக்காதீர்கள். பவர் பட்டனில் அணைத்தால்தான் இங்க்கைத் தெளிக்கும் ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும். இல்லாவிட்டால் காய்ந்து அடைத்துக்கொண்டு, சுத்தம் செய்வதற்கே பாதி இங்க் போய்விடும்.

இந்த மெஷின்கள் இழுக்கும் கரண்ட் எல்லாம் கடைசியில் சூடாகத்தான் அறைக்குள் வருகிறது. அதை வெளியேற்ற ஏசி தனியாக உழைக்க வேண்டும். ஆக, மெஷினில் மிச்சமானால் ஏசியிலும் கொஞ்சம் மிச்சமாகும்.

இனி காகிதம். முன்னும் பின்னும் அச்சிட்டால் செலவு பாதியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். ஆகவில்லை. எங்களிடம் ஒரு பக்கத்தோடு முடியும் சமாச்சாரங்கள்தான் அதிகம். சலான், ஒப்புகைச் சீட்டு, கடிதம். ஆகவே, வீணாவது எங்கே என்று பார்க்கக் குப்பைக் கூடையைக் கிளறினேன். எக்செல் லெட்ஜர்தான் பெரிய குற்றவாளி. கடைசி ஒரு காலம் (column) மட்டும் தாளுக்கு வெளியே போய், 40 பக்கம் 80 பக்கமாகியிருக்கும். பின்னால் வந்த நாற்பதிலும் ஒற்றை வரிசை எண்கள்தான். எல்லா காலமும் ஒரே பக்க அகலத்தில் அடங்கும்படி எக்செல்லிலேயே செட்டிங் இருக்கிறது. அதை எல்லோருக்கும் ஒருமுறை காட்டினேன், அவ்வளவுதான். அடுத்தது, இரண்டு ஸ்டேட்மென்ட்டை ஒப்பிட ஒன்றை அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்ளும் பழக்கம். செகண்ட் ஹேண்டில் நான்கு மானிட்டர் வாங்கி இரண்டாவது திரையாக வைத்தோம். ஒரு திரைக்கு 20 வாட் கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் டிக் அடிப்பதற்காக மட்டும் அச்சிட்ட கட்டுகள் நின்றுபோயின. செப்டம்பர் மாதம், டாக்ஸ் ஆடிட் நெருக்கடியில் முன்பெல்லாம் 12 ரீம் போகும். போன செப்டம்பரில் 7. ஒரு ரீம் 500 தாள், 75 ஜிஎஸ்எம்மில் (சதுர மீட்டருக்கு 75 கிராம்) இரண்டேகால் கிலோவுக்கு மேல். தூக்கிக்கொண்டு மாடியேறுகிறவருக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

பிரிண்டரில் கிடக்கும் அநாதைத் தாள்கள் இன்னொரு தொல்லை. காலையில் பெருக்க வரும் அக்கா ஒரு கட்டோடு வந்து நிற்பார்: “தம்பி, இதெல்லாம் யாருதுங்க?” யாருக்கும் தெரியாது. ஒரு பக்கத் தாள்களை அப்போது எடைக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். ஒருநாள் டீக்கடையில் வடையை வைத்துத் தந்த தாளைப் பிரித்தால், எங்கள் வாடிக்கையாளர் ஒருவருடைய பேங்க் ஸ்டேட்மென்ட். எண்ணெய்க்கறைக்கு நடுவே கணக்கு எண் தெளிவாகத் தெரிந்தது. வடை இறங்கவில்லை. அன்றோடு எடைக்குப் போடுவதை நிறுத்தினோம். பிரிண்ட் கொடுத்தவரே மெஷினுக்கு வந்து நான்கு இலக்க எண்ணை அழுத்தினால்தான் தாள் வெளியே வரும்படி மாற்றினோம். இதற்குப் பைசா செலவில்லை. அலுவலக பிரிண்டர்கள் பலவற்றில் இந்த வசதி உண்டு, யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. வாடிக்கையாளர் விவரம் இல்லாத தாள்களை மட்டும் ரஃப் பேட் ஆக்குகிறோம். அவற்றை மறுபடி பிரிண்டருக்குள் விடுவதில்லை. ஒரு ஸ்டேப்ளர் பின் உள்ளே போய், தாளில் படம் பதிக்கும் டிரம் உருளையைக் கீறி, மிச்சம் பிடித்ததற்கு மேல் செலவு வைத்தது.

அரசு பக்கம் நிலைமை எவ்வளவோ பரவாயில்லை. ஒரு காலத்தில் வருமான வரி ரிட்டர்ன் போட்டதும் ஐடிஆர்-வி என்ற ஒப்புகைப் படிவத்தை அச்சிட்டு, கையெழுத்து வாங்கி, பெங்களூருக்குத் தபாலில் அனுப்புவோம். இப்போது ஆதார் ஓடிபி வந்தால் வேலை முடிந்தது. வங்கிகள்தான் அசைய மறுக்கின்றன. ஆடிட்டர் தரும் சான்றிதழ்களுக்கு 2019 முதல் 18 இலக்க யுடிஐஎன் எண் உண்டு. அதை இணையத்தில் போட்டால் உண்மையா பொய்யா என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம். இருந்தும் லோன் ஃபைலுக்கு மூன்று வருட ரிட்டர்ன், கம்ப்யூட்டேஷன் (வருமானக் கணக்கீடு), எல்லாவற்றிலும் பச்சை மையில் கையெழுத்து, சீல், இரண்டு செட். முன்னும் பின்னும் அச்சிட்டுக் கொடுத்துப் பார்த்தோம். “பின்பக்கம் ஸ்கேன் ஆகாதுங்க” என்று போன மாதம்கூட ஒரு கிளையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.