மனநல மையத்தில் சேர்த்திருந்த அண்ணன் இறந்துவிட்டார். நிர்வாகத்திடம் கணக்குக் கேட்க முடியுமா?

முடியும். ஆனால் உடலை இன்னும் எடுக்கவில்லை என்றால் இதைப் படிப்பதை விட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போங்கள். சந்தேக மரணம் என்று புகார் எழுதிக் கொடுத்து, பிரேதப் பரிசோதனை கேளுங்கள். சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்குப் போலீஸ் தரும் சீட்டு) வாங்காமல் வெளியே வராதீர்கள். சொந்தக்காரர்கள் இந்நேரம் "போன உயிர் வருமா" என்று ஆரம்பித்திருப்பார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

நான் போட்டுக்கொண்டேன்.

2019-ல் என் தம்பி ஒரு தனியார் மையத்தில் இறந்தான். வயது 34. விடியற்காலை 5.40-க்கு போன். மாரடைப்பு என்றார்கள். போய்ப் பார்த்தால் இரண்டு மணிக்கட்டிலும் வளையல் போட்ட மாதிரி சிவந்த தடம். "ராத்திரி கொஞ்சம் முரண்டு பிடிச்சார் சார்" என்றான் வார்டு பையன். "செத்தவனைப் போய் அறுக்கணுமா" என்றார் பெரிய மாமா. அவருக்கு அன்று சாயங்காலம் ரயில். 'மரணத்தில் சந்தேகம் இல்லை' என்று நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன். இரண்டு மணிக்கெல்லாம் சுடுகாட்டில் இருந்தோம். (இதே மாமா போன வருடம் என் பெண்ணின் சடங்குக்கு வந்து மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு, சாம்பாரில் உப்பு இல்லை என்று ஊரெல்லாம் சொன்னார். சரி, அது வேறு கதை.)

"வீட்டில் வைத்துப் பார்க்காமல் ஏன் தள்ளிவிட்டீர்கள்" என்று கேட்க வருபவர்களுக்கு: ஒன்பது வருடம் வைத்துப் பார்த்தோம். டாக்டர்கள் எல்லாரும் மோசம் என்றும் நான் சொல்லவில்லை. அரசு மருத்துவமனையில் அவனைப் பார்த்த டாக்டரம்மா இன்றும் என் போனை எடுப்பார்.

அப்புறம்தான் சட்டத்தைப் படித்தேன். ராமநாதபுரம் ஏர்வாடியில் 2001-ல் மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்கள் தீயில் சிக்கி 28 பேர் செத்தார்களே, இன்று சங்கிலி அடியோடு கூடாது. துணியால் கட்டுவதற்கும் 2017 மனநலச் சட்டத்தின் 97-ஆவது பிரிவு கடிவாளம் போடுகிறது: உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, காரணத்தை எழுதிவைத்துவிட்டு. நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு (சட்டப்படி அவர் சார்பாக இருக்கும் ஆள், பெரும்பாலும் வீட்டில் ஒருவர்) 24 மணி நேரத்துக்குள் சொல்லவும் வேண்டும். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

கேஸ் ஷீட்டை, அதாவது சிகிச்சைப் பதிவேட்டை, பதிவுத் தபாலில் கேளுங்கள். 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது 2002 மருத்துவக் கவுன்சில் விதி. எனக்கு வர நான்கு மாதம் ஆனது. கட்டியதைப் பற்றி ஒரு வரி இல்லை. இரவு 9 மணி, 12, 3, எல்லாவற்றிலும் 'தூங்குகிறார்'. காலை 6 மணிக்கும் 'தூங்குகிறார்', அதே பேனாவில்.

நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு வருடம்தான் கெடு. பதினோரு நாள் மிச்சமிருக்கும்போது போட்டேன். நீங்கள் அவ்வளவு இழுக்காதீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் 6 மணிப் பதிவைப் பற்றி வாயே திறப்பதில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்த ஒரு தாளைத்தான் எடுத்து நீட்டுகிறார், என் கையெழுத்து இருக்கும் பக்கம் மேலே தெரிகிற மாதிரி.